நீர்ச்செப்பு: கணினியைக் குளிர்விக்கும் செம்பின் வரலாறு



செம்பு என்றால் என்ன என்று தொடக்கநிலை மாணவர்களைக் கேட்டால், பூசையறையில் இருக்கும் தண்ணீர்ப் பாத்திரத்தையே பெரும்பாலோர் சொல்வர். அச்சொல் ஓர் உலோகத்தையும் குறிக்கும் என்பது சிலருக்குப் புதுச்செய்தி. அந்த உலோகமும் தண்ணீரும் சேர்ந்தே இன்றைய அதிவேகக் கணினிகளின் சூட்டைத் தணிக்கின்றன என்று கூறினால், வகுப்பே நிமிர்ந்து உட்காரும். அந்த வரலாற்றைப் பிள்ளைகளிடம் எடுத்துச் சொல்லத்தக்க வகையில் தொகுத்துத் தருவதே இக்கட்டுரையின் நோக்கம்.

செம்பும் தண்ணீரும்

கணினிச் செயலி உட்கொள்ளும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாக மாறுகிறது. அவ்வெப்பத்தை உடனுக்குடன் அகற்றாவிட்டால் செயலி தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அல்லது நின்றுவிடும். விரல்நகம் அளவேயுள்ள சில்லிலிருந்து வெப்பத்தை வாங்கிப் பரப்புவதற்குச் செம்பே சிறந்தது. வெப்பங்கடத்தும் திறனில் அலுமினியத்தின் அளவு சுமார் 237 என்றால், செம்பின் அளவு சுமார் 400. உலோகங்களில் வெள்ளி மட்டுமே அதனைச் சற்று விஞ்சும். ஆனால் அதன் விலை கட்டுப்படியாகாது. பரப்பிய வெப்பத்தைச் சுமந்து செல்வதற்குத் தண்ணீர் ஏற்றது. ஒரே கனஅளவுள்ள காற்றைவிட அது ஏறக்குறைய 3,500 மடங்கு வெப்பத்தை ஏற்றுக்கொள்ளும்.

ஆங்கிலத்தில் ‘வாட்டர் பிளாக்’ எனப்படும் கருவி இவ்விரண்டையும் இணைக்கிறது. தட்டையான செம்பு அடித்தளம், அதன்மேல் மெல்லிய வாய்க்கால்கள், இறுக்கமான மூடி, நீர் நுழைய ஒரு வாய், வெளியேற மற்றொரு வாய்: இவ்வளவே அதன் உறுப்புகள். அதனைச் செயலியின்மேல் அழுத்திப் பொருத்துவர். சிறு நீரேற்றி தண்ணீரைச் சுற்றிவரச் செய்யும். சூடேறிய நீர், காரில் உள்ளதைப் போன்ற ரேடியேட்டரில் ஆறித் திரும்பும்.

தமிழில் ‘செப்பு’ என்பதற்குச் செம்பு உலோகம், நீர்ப்பாத்திரம், மூடியுள்ள சிறு சிமிழ் என மூன்று பொருள் உண்டு. பிள்ளைகள் விளையாடும் ‘சொப்பு’ம் இச்சொல்லே. மூன்று பொருளும் ஒருங்கே பொருந்துவதால் இக்கருவியை ‘நீர்ச்செப்பு’ என்று வழங்கலாம் என்பது என் கருத்து.

பேரியந்திரங்களிலிருந்து வீட்டு மேசைக்கு

கணினிக்குத் தண்ணீர் என்பது புதிய எண்ணமன்று. 1960களிலேயே ஐபிஎம் நிறுவனத்தின் சிஸ்டம்/360 மாடல் 91 நீரால் குளிர்விக்கப்பட்டது. 1981ஆம் ஆண்டு ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டக்கர்மன், பீஸ் ஆகிய இருவரும், மிக நுண்ணிய வாய்க்கால்களில் தண்ணீரைச் செலுத்தினால் ஒரு சதுர சென்டிமீட்டரிலிருந்து 790 வாட் வெப்பத்தை அகற்றலாம் என்று காட்டினர். வாய்க்கால் மெலிய மெலிய நீர் உலோகத்தைத் தொடும் பரப்பு பெருகும். இன்றைய நீர்ச்செப்புகளின் அடிப்படை அதுவே.

வீட்டுக் கணினிக்கு இத்தேவை பிற்பாடு வந்தது. 1993இல் வெளிவந்த பென்டியம் செயலி சுமார் 15 வாட் வெப்பத்தை வெளியிட்டது. 2004இன் பென்டியம் 4 வகைகளில் சில 115 வாட்டை எட்டின. மின்விசிறிகளின் இரைச்சலும் கூடியது. அக்காலத்தில் பல நாடுகளின் ஆர்வலர்கள் மீன்தொட்டி நீரேற்றியையும் பழைய காரின் வெப்பமூட்டிச் சுருளையும் கொண்டு தாங்களே குளிர்விப்பு அமைப்பைச் செய்தனர். செம்புக் கட்டியைத் துளையிட்டு நீர்ச்செப்பு ஆக்கினர். நம் தேக்காவிலிருந்து நடந்தே சென்றுவிடக்கூடிய சிம் லிம் சதுக்கம் அந்நாளில் மாடிக்கு மாடி கணினி உறுப்புக் கடைகளால் நிறைந்திருந்தது. 2004இல் ஆப்பிள் நிறுவனமும் தன் பவர் மேக் ஜி5 கணினி ஒன்றைத் திரவக் குளிர்விப்புடன் விற்றது.

வார்ப்பின் நுட்பம்

கட்டியைக் குடைவதற்குப் பதிலாக, விரும்பிய வடிவில் செம்பை உருக்கி வார்க்க முனைந்தவர்களும் உண்டு. இங்கேதான் தமிழர் கைத்தொழில் நினைவுக்கு வருகிறது. சுவாமிமலை ஸ்தபதிகள் தேன்மெழுகையும் குங்கிலியத்தையும் சேர்த்து உருவத்தைச் செய்வர். காவிரியின் வண்டல் மண்ணால் அதனைப் பொதிவர். சூடேற்றி மெழுகை வெளியேற்றுவர். அந்த வெற்றிடத்தில் உலோகத்தை வார்ப்பர். நீர்ச்செப்பு வார்ப்பவரும் இவ்வழியைப் பின்பற்றலாம். ஆனால் ஒரு பெரும் வேறுபாடு உண்டு.

நாம் செப்புத் திருமேனி என்று அழைத்தாலும், அவை தூய செம்பால் ஆனவை அல்ல; செம்பு மிகுந்த கலப்பு உலோகத்தால் ஆனவை. வெள்ளீயம் சேர்ந்தால் உருகுநிலை குறையும், உலோகம் அச்சின் மூலைமுடுக்கெல்லாம் எளிதில் பாயும். கணினிக்கோ அது உதவாது. நூற்றுக்குப் பத்துப் பங்கு வெள்ளீயம் கலந்த வெண்கலத்தின் வெப்பங்கடத்தும் திறன், தூய செம்பினதைவிட மிகக் குறைவு. ஆகவே தூய செம்பையே 1,085 பாகை செல்சியசில் உருக்கி வார்க்க வேண்டும். உருகிய செம்பு காற்றிலுள்ள ஆக்சிஜனையும் ஈரத்திலுள்ள ஹைட்ரஜனையும் உறிஞ்சும். இறுகும்போது அவை நீராவியாகி உள்ளே குமிழிகளை உண்டாக்கும். சிற்பத்தில் ஊசித்துளை சிறு குறை. நீர்ச்செப்பிலோ அது மின்சுற்றின்மேல் தண்ணீர் ஒழுகும் வழி. இதனால்தான் உருகிய செம்பைக் கரித்தூளால் மூடிக் காப்பர். பழைய உருக்காலைகளில் பச்சை மரக்கழியைச் செருகி ஆக்சிஜனை அகற்றியதும் உண்டு. மேலும், முடியளவு நுண்ணிய வாய்க்கால்கள் வார்ப்பில் எளிதில் அமையா. அவற்றைப் பின்னர் அரிந்தே எடுக்க வேண்டும்.

பாட்டிமார் அறிந்த செய்திகளும் இதில் உண்டு. செம்பில் படியும் களிம்பைப் புளியிட்டுத் துலக்குவது அமிலத்தின் வேலை. நீர்ச்செப்பைப் பிரித்துத் துலக்குவோர் வினிகரைப் பயன்படுத்துவதும் அதனாலேயே. பாத்திரத்திற்கு ஈயம் பூசியதுபோல, நீர்ச்செப்புக்கு நிக்கல் முலாம் பூசுகின்றனர்.

சிங்கப்பூருக்கு ஏன் இது முக்கியம்?

2020இல் நம் நாட்டின் மின்சாரத்தில் 7 விழுக்காட்டைத் தரவு நிலையங்கள் பயன்படுத்தின. 2019இல் புதிய நிலையங்களுக்கு விதிக்கப்பட்ட இடைநிறுத்தம் 2022இல்தான் தளர்த்தப்பட்டது. 2023இல் தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம், நிலையங்களை 26 பாகை அல்லது அதற்குமேலான வெப்பநிலையில் இயக்குவதற்கான தரநிலையை வெளியிட்டது. ஒரு பாகை உயர்த்தினால், குளிர்விக்கும் மின்சாரத்தில் 2 முதல் 5 விழுக்காடு மிச்சமாகும். இதற்கிடையே, 2024இல் என்விடியா அறிவித்த ஓர் அடுக்குப்பேழை சுமார் 120 கிலோவாட் வெப்பத்தை வெளியிடுவது. அதனைக் காற்றால் ஆற்ற இயலாது. செயலிகளின்மேல் அமர்ந்த செம்புத் தகடுகளும் நீரும் வேண்டும்.

மேலும் ஒரு செய்தி. நம் ஈரக்காற்றில், செம்பில் பனிக்கட்டித் தண்ணீரை ஊற்றினால் வெளிப்புறம் வியர்க்கும். கணினிக்குள் அப்படி வியர்த்தால் கேடு. எனவே மிகக் குளிர்ந்த நீரைவிட, காற்றின் வெப்பநிலையை ஒட்டிய நீரே இங்கே பாதுகாப்பானது.

வகுப்பறைக்கு ஒரு வேண்டுகோள்

நம் பிள்ளைகள் அறிவியலை ஆங்கிலத்தில் கற்கின்றனர். தமிழ்ப் பாடமோ பண்டிகை, உணவு, கோயில் என்று சுருங்கிவிடுகிறது. இவை வேண்டாம் என்பதன்று. இவை மட்டுமே போதும் என்று இருந்துவிட்டால், தமிழ் நேற்றைய பொருள்களுக்கு மட்டுமான மொழி என்று பிள்ளைகள் முடிவுகட்டிவிடுவர். உருக்குதல், வார்த்தல், அச்சு, களிம்பு, முலாம், வாய்க்கால் என்னும் சொற்கள் எவரும் புதிதாகப் புனைந்தவை அல்ல; தொழில் செய்த மக்கள் வழங்கியவை. இக்கருவியை விளக்க அவையே போதுமானவையாக உள்ளன.

ஆகவே, வாய்ப்புள்ளபோது ஒரு செம்பை வகுப்பிற்குக் கொண்டுசெல்லுங்கள். குளிர்நீர் ஊற்றி, வெளியே துளிர்ப்பதைக் காட்டுங்கள். பின்னர் கணினிக்குள் இருக்கும் செப்பைப் பற்றிக் கூறுங்கள். வீட்டில் பெற்றோரும் இதனைச் செய்யலாம். பிள்ளை கேட்கும் அடுத்த கேள்வியும் தமிழிலேயே வருமானால், அதுவே நம் பாடத்தின் வெற்றி.