மின்னஞ்சலில் ‘இன்று’ என்பது யாருடைய இன்று?

1971ஆம் ஆண்டில் ரே டாம்லின்சன், மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜில், ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு வலையமைப்பு வழியே மடல் அனுப்பிப் பார்த்தார். அதே ஆண்டில், அந்நாட்டின் மறுகரையில், சாண்டா குரூஸ் நகரில் மொழியியலாளர் சார்லஸ் ஃபில்மோர் சுட்டுச்சொற்களைப் பற்றித் தொடர் உரைகள் ஆற்றினார். எழுதுபவரின் பொழுதும் படிப்பவரின் பொழுதும் வேறுபடுகையில் ‘இன்று’, ‘இப்போது’ என்பன எதைச் சுட்டும்? இரு நிகழ்வுகளுக்கும் தொடர்பில்லை. ஆயினும் இக்கேள்விக்கு மின்னஞ்சல் பொறியாளர்கள் தம்மையறியாமலே விடை எழுதி வந்தார்கள் என்று கருதுகிறேன்.

மடலின் தலைப்பகுதியில் வரும் தேதிவரி இரண்டு செய்திகளைச் சுமக்கிறது: மடல் எழுதப்பட்ட கணம்; எழுதியவரின் கடிகாரம் காட்டிய பொழுது. 1982இல் வெளிவந்த ஆர்.எஃப்.சி. 822 என்னும் நெறிமுறை, கிரீனிச் நேரத்தையும் அமெரிக்க வலயங்களையும் மட்டுமே பெயரிட்டு ஏற்றது. ஏனைய நாட்டினர் எண்ணால் குறிக்க வேண்டியிருந்தது. நமக்கு வாய்த்தது +0530. புறக்கணிப்புத்தான், ஆனால் நன்மையாக முடிந்தது. ‘ஐ.எஸ்.டி.’ என்ற சுருக்கத்துக்கு இந்தியா, இஸ்ரேல், அயர்லாந்து மூன்றும் உரிமை கொண்டாடலாம். எண்ணில் அந்தக் குழப்பம் இல்லை. அந்நெறிமுறை ஏற்ற ஓரெழுத்து இராணுவக் குறிகளிலோ கூட்டலும் கழித்தலும் தலைகீழாக அச்சாகியிருந்தன. 1989இல் பிழை சுட்டப்பட்டது. 2001இன் ஆர்.எஃப்.சி. 2822 எண்ணையே விதியாக்கியது. அதில் -0000 என்றும் ஒரு குறி உண்டு: கணம் இது, அனுப்பியவரின் உள்ளூர் நேரம் தெரியாது என்பது அதன் பொருள். இருப்பிடம் சொல்ல விரும்பாதவரின் கையொப்பம் போல!

இவ்வளவு கவனமாகக் காக்கப்பட்ட இரண்டாம் செய்தியைத்தான் இன்றைய மின்னஞ்சல் நிரல்கள் பெரும்பாலும் மறைக்கின்றன. தேதியைப் படிப்பவரின் உள்ளூர் நேரத்துக்கு மாற்றியே காட்டுகின்றன. வந்த மடல்களை வரிசைப்படுத்த அது வசதிதான். ‘மட்’ என்னும் பழைய நிரலோ அனுப்பியவரின் நேரத்துக்கு ஓர் எழுத்தும் படிப்பவரின் நேரத்துக்கு ஓர் எழுத்துமாக இரண்டையும் வைத்திருக்கிறது; பயனர் தேர்ந்துகொள்ளலாம்.

நியூயார்க்கிலிருந்து டிசம்பர் 31 இரவு 8.30க்கு ஒருவர் “இன்றோடு இவ்வாண்டு முடிகிறது” என்று எழுதுவதாகக் கொள்வோம். நம் திரையில் அது ஜனவரி 1 காலை 7.00. சொல் ஒரு நாளிலும் தேதி மறுநாளிலும் நிற்கின்றன. நாளை ஓர் ஆய்வாளர் இதனை அச்சுப்படியாக மட்டும் பெற்றால், எழுதியவர் ஆண்டையே தவறாகச் சொன்னார் என்று அடிக்குறிப்பு இடக்கூடும். மூலக்கோப்பு இருந்தால் -0500 என்ற எண் உண்மையைச் சொல்லிவிடும். மடல்களை ஆவணமாகச் சேகரிப்போர் திரைப்படியோடு நிறைவடைவது எனக்கு ஏற்புடையதன்று.

இலங்கை இதனினும் சிக்கலான வழக்கு. 1996 மே மாதம் அந்நாடு +0630க்கு மாறியது, அக்டோபரில் +0600, 2006 ஏப்ரலில் மீண்டும் +0530. 2003இல் கொழும்பில் காலை 9.00க்கு எழுதப்பட்ட மடலை இன்று அங்கேயே திறந்தால், பழைய மாற்றங்களைப் பதிந்துள்ள நேர வலயத் தரவுத்தளத்தை நாடும் நிரல் 9.00 என்றே காட்டும். இன்றைய விதியை மட்டும் அறிந்த நிரல் 8.30 என்னும். விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளோ 1996இன் மாற்றத்தை ஏற்கவேயில்லை. அங்கே பழைய நேரமே நடந்தது. அத்தரவுத்தளத்தில் தீவு முழுமைக்கும் ‘ஆசியா/கொழும்பு’ என்ற ஒரே பதிவுதான் உள்ளது. அக்காலத்து மடல் ஒன்றின் தலைப்பகுதியில் +0530 என்றிருந்தால், அது வன்னியின் கடிகாரமா, சென்னையின் கடிகாரமா, திருத்தப்படாத கணினியா என்று கேட்கவேனும் இடமுண்டு. உள்ளூர் நேரமாக மாற்றிய திரையில் அக்கேள்வியே எழாது.