நின்ற இருதயமும் ஒரு சிறு பலூனும்

காலாப்பட்டுப் பல்கலைக்கழக வளாகத்தில் ஒருவர் திடீரென்று சாய்ந்து விழுகிறார். அவருடைய இருதயம் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். காயம் எதுவும் இல்லை. ஆயினும் நாலைந்து நிமிடங்கள் குருதி கிடையாவிடின் மூளை கெடத் தொடங்கும். அக்குறுகிய நேரத்தை நீட்டிக்க மருத்துவர்கள் செய்த முயற்சிகளின் வரலாற்றை இன்று பார்ப்போம்.

அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் நாய்களை வைத்து ஆராய்ந்தவர்கள், மின்தட்டுகளை மார்பின்மேல் அழுத்தியபோது குருதியழுத்தம் உயர்வதைக் கண்டனர். அதன் பயனாக 1960இல் கௌவன்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் ஆகிய மூவரும் மார்பழுத்த முறையை வெளியிட்டனர். வெறுங்கையே கருவியாயிற்று. ஆனால் ஒரு குறை: எவ்வளவு நன்றாக அழுத்தினாலும், இயல்பான குருதியோட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கிடைப்பது அரிது.

அக்குறையைப் போக்க முன்வந்த கருவி போர்க்களத்தில் பிறந்தது. கொரியப் போரில், வயிற்றினுள் குருதி பெருகிச் சாகுந்தறுவாயில் இருந்த வீரர்களுக்கு, அமெரிக்கப் படை மருத்துவர் கார்ல் ஹியூஸ் பெருந்தமனிக்குள் பலூனைச் செலுத்தி ஊதினார். அவர்கள் பிழைக்கவில்லை. எனினும் 1954இல் அவர் அதனை மறையாது எழுதி வைத்தார்.

வாய்க்காலில் நீர் குறைந்தால் உழவன் என்ன செய்கிறான்? கீழ்மடையை அடைத்து, வாடும் மேல்வயலுக்கு நீரைத் திருப்புகிறான். இங்கும் அதுவே நிகழ்கிறது. தொடைத்தமனி வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, மார்புப் பகுதியிலுள்ள பெருந்தமனியில் பலூனை விரித்தால், உடலின் கீழ்ப்பகுதிக்குக் குருதி செல்வது தடைப்படும். கிடைக்கும் சிறிதளவு குருதி இருதயத்துக்கும் மூளைக்கும் மிகுதியாகச் சேரும். நெடுநேரம் அடைத்தாலோ குடலும் சிறுநீரகமும் கால்களும் கெடும்.

நார்வே நாட்டின் திரொண்ட்ஹைம் நகர மருத்துவர்கள், மருத்துவமனைக்கு வெளியே இருதயம் நின்ற 10 பேரிடம் இம்முறையைக் கையாண்டு, 2019இல் முடிவுகளை வெளியிட்டனர். அறுவருக்கு இருதயம் மீண்டும் துடித்தது. மூவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். 30 நாட்களைக் கடந்து வாழ்ந்தவர் ஒருவரே. பத்துப் பேரைக் கொண்டு ஒரு முறையின் பயனை முடிவுகட்ட இயலாது.

ஆனால் அவ்வாய்வில் மாணவர்களாகிய நீங்கள் மறவாதிருக்க வேண்டிய எண் ஒன்றுண்டு. தேர்ந்த மருத்துவர்களுக்கே பலூனைப் பொருத்தச் சராசரியாகப் 11.7 நிமிடங்கள் ஆயின. மூளையோ அத்துணை நேரம் காத்திராது. அந்த இடைவெளியைக் கடத்துவது அருகில் நிற்பவரின் இரு கைகளே. பலூன் வரும்வரை உயிர் நிலைத்திருக்க வேண்டுமாயின், மார்பை அழுத்தும் முறையைக் காலாப்பட்டு மாணவரும் கற்றிருத்தல் வேண்டும்.