பரங்கிமலை தந்த கல்விச் செம்மல் எம்.சி. ராஜா

தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குச் செல்லும் மின்தொடர் வண்டியில் நம் இளைஞர்கள் நாள்தோறும் பரங்கிமலையைக் கடந்து செல்கின்றனர். அம்மண்ணில் 1883ஆம் ஆண்டு பிறந்த ஒருவரை அவர்களுள் எத்தனை பேர் அறிவர்? நம் கல்விச் சங்கம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில் அப்பெருமகனாரை நினைவுகூர்தல் நம் கடமையாகும். அவரே மயிலை சின்னத்தம்பி ராஜா என்னும் எம்.சி. ராஜா.

சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் பயின்று அவர் பட்டம் பெற்றார். அக்கல்லூரி அந்நாளில் நகரின் நடுவே இருந்தது. 1937இல்தான் தாம்பரத்திற்கு வந்தது. பட்டம் பெற்றவர் மேற்கொண்டது ஆசிரியப் பணி. பள்ளிப் பாடநூல்களும் எழுதினார். எழுத்தறிவு மறுக்கப்பட்ட சமுதாயத்தில் தோன்றியவர் பிறர் கற்கும் நூலை எழுதினார் என்பதை எண்ணுந்தோறும், ஆசிரியராகிய நம் நெஞ்சு நிமிர்கின்றது.

1916இல் ஆதிதிராவிட மகாசன சபையின் செயலாளரானார். 1920இல் சென்னைச் சட்டமன்றத்தில் இடம்பெற்றார். நம்மவரைக் குறிக்க வழங்கிய இழிபெயர்களை நீக்கி 'ஆதிதிராவிடர்' என்றே வழங்க வேண்டும் என 1922இல் அம்மன்றத்தில் தீர்மானம் கொணர்ந்து வெற்றி கண்டார். பெயர்தானே என எண்ணற்க. பள்ளிப் பதிவேட்டில் தன் பெயருக்கு நேரே இழிசொல்லைக் காணும் பிள்ளை எவ்வாறு தலைநிமிர்ந்து கற்கும்? 1925இல் நம் மக்களின் நிலையை ஆங்கில நூலாக்கி ஆட்சியாளர் அறியச் செய்தார். 1928இல் சைமன் ஆணையத்துடன் பணியாற்ற அமைந்த இந்திய மத்தியக் குழுவிலும் அங்கம் வகித்தார்.

அவ்வாணையத்தின் துணைக் குழுவாகக் கல்வியை ஆராய்ந்தது ஹார்டாக் குழு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அதன் உறுப்பினர். 1922-23இல் முதல் வகுப்பிலிருந்த பிள்ளைகள் 100 பேருக்கு, 1925-26இல் நான்காம் வகுப்பில் இருந்தோர் ஏறத்தாழ 18 பேரே என அக்குழு 1929இல் எடுத்துரைத்தது. பள்ளியில் சேர்த்தல் மட்டும் போதாது, நிலைக்கச் செய்தலே கல்வி என்பது அதன் சாரம்.

1932இல் கூட்டுத் தொகுதியை ஏற்று மூஞ்சேயுடன் ராஜா செய்த உடன்பாடு, அண்ணல் அம்பேத்கரின் தனித்தொகுதிக் கோரிக்கைக்கு மாறானது. இவ்வேறுபாட்டை மறைத்தல் வரலாறு ஆகாது. பொதுக் கிணறும் குளமும் வழியும் நமக்கும் உரியவை என 1938இல் சென்னை மாகாணத்தில் சட்டம் இயற்றச் செய்த பெருமையும் அவருடையதே. 1943இல் அவர் மறைந்தார். சைதாப்பேட்டை மாணவர் விடுதி இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

இளைஞர்களே! ஆண்டுதோறும் பதிவேட்டைப் புரட்டுகையில், பத்தாம் வகுப்பில் ஒரு பாடத்தில் தவறி, மறுதேர்வும் எழுதாமல் வேலைக்குப் போய்விட்ட பிள்ளைகளின் பெயர்களை நாம் காண்கிறோம். அவர்களுட் பலர் நம் தெருப் பிள்ளைகளே. உங்கள் தெருவில் அத்தகைய பிள்ளை ஒன்று இருப்பின், இவ்வாரமே அவ்வீட்டுப் படியேறுங்கள். தேர்வு விண்ணப்பத்தை உடனிருந்து நிரப்புங்கள். மாலையில் அருகிருந்து கற்பியுங்கள். பரங்கிமலை ஆசிரியருக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவே.