தீமோத்தேயுவின் வயது

தென் தமிழகத்துச் சர்ச்சுகளில் வளர்ந்த யாரைக் கேட்டாலும் ஒரு வசனம் தெரிந்திருக்கும். முதலாம் தீமோத்தேயு 4:12. வயது குறைவு என்பதற்காக உன்னை யாரும் இளப்பமாக நினைக்க விடாதே, பேச்சிலும் நடத்தையிலும் அன்பிலும் மற்றவர்களுக்கு நீ மாதிரியாக இரு என்று பவுல் தீமோத்தேயுவுக்குச் சொல்கிற இடம். வாலிபர் முகாம் பேனரில் இருக்கும், டி-ஷர்ட்டின் முதுகில் இருக்கும், பேச்சுப்போட்டித் தலைப்பாக வரும். அதைக் கேட்டதும் அரும்பு மீசையும் கையில் கிட்டாருமாக ஒரு பதினேழு வயதுப் பையன்தான் நம் கண் முன்னால் வந்து நிற்பான்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த முகம் பொருந்தாது. தீமோத்தேயு பவுலோடு சேர்ந்தது கி.பி. 50ஐ ஒட்டி. இந்தக் கடிதம் பவுலின் கடைசிக் காலத்தது என்று மரபு சொல்கிறது. பவுலே எழுதினாரா, அவர் பெயரில் சீடர் யாராவது எழுதினார்களா என்று அறிஞர்களுக்குள் விவாதம் உண்டு. எப்படி எடுத்துக்கொண்டாலும் கடிதத்தில் வருகிற தீமோத்தேயுவுக்கு முப்பது தாண்டியிருக்கும். அந்தக் காலத்துக் கிரேக்கத்தில் 'இளமை' என்ற சொல் நாற்பது வரைக்கும் நீளும். அதைவிட முக்கியம், இந்த ஆள் வாலிபர் கூட்டத்துக்கு வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தவர் இல்லை. எபேசு சபையின் பொறுப்பை ஏற்றிருந்தவர். தப்பாகப் போதிக்கிறவர்களைத் தடுப்பது, மூப்பர்கள் மீது வரும் புகாரை விசாரிப்பது, விதவைகளின் பராமரிப்பை ஒழுங்குபடுத்துவது எல்லாம் அவர் தலையில். அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரிடம்தான் 'வயசைப் பாத்துப் பயப்படாதே' என்று சொல்லப்படுகிறது.

இந்த வேறுபாடு சின்னதில்லை. வாலிபர் ஊழியத்துக்கு பைபிளில் என்ன அஸ்திவாரம் என்று தேடுகிறவர்கள் எல்லாரும் கடைசியில் இந்த வசனத்தில்தான் வந்து நிற்கிறார்கள். வாலிபரை எப்படிக் கூட்டுவது, எப்படித் தக்கவைப்பது என்பதற்கு ஆதாரமாகவும் அதையே காட்டுகிறார்கள். வசனம் பேசுவதோ வேறு விஷயம்.

*

சொல்லப்போனால் 'வாலிபர் ஊழியம்' என்ற தனிப் பிரிவே பைபிளில் கிடையாது. அது தொழிற்புரட்சி பெற்ற பிள்ளை. 1780ல் இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரத்தில் ராபர்ட் ரெய்க்ஸ் என்ற பத்திரிகைக்காரர், வாரம் முழுக்க வேலை செய்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை தெருவில் திரிந்த பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க ஆளமர்த்தினார். நம் சண்டே ஸ்கூலின் பூட்டி அதுதான். 1844 ஜூன் 6 அன்று லண்டனில் ஒரு துணிக்கடையில் வேலைபார்த்த ஜார்ஜ் வில்லியம்ஸ் தன் கூட்டாளிகளோடு மாடி அறையில் கூடி ஒய்.எம்.சி.ஏ.வைத் தொடங்கினார். அவருக்கு வயது 22. கிராமத்தை விட்டு நகரத்துக்கு வந்து, கடையிலேயே வேலைபார்த்து, கடையிலேயே தூங்கிய பையன்களின் சங்கம் அது. 1881ல் அமெரிக்காவின் போர்ட்லாண்டில் பிரான்சிஸ் கிளார்க் என்ற போதகர் 'கிறிஸ்டியன் என்டெவர்' சங்கத்தை ஆரம்பித்தார். கூட்டத்துக்கு வருகிற ஒவ்வொரு இளைஞரும் ஏதாவது ஒரு பங்கெடுத்தாக வேண்டும் என்று உறுதிமொழி வாங்கியதுதான் அதன் விசேஷம்.

இந்த மூன்றில் ஒய்.எம்.சி.ஏ. கவனிக்கத்தக்கது. அது பெரியவர்கள் வாலிபருக்காகக் கட்டிய அமைப்பு இல்லை, வாலிபர் தாங்களே கட்டியது. 'யங் மென்' என்று பெயரிலேயே பெண்களுக்குக் கதவை மூடியது என்பதும் உண்மை. 1855ல் லண்டனிலேயே ஒய்.டபிள்யூ.சி.ஏ. தனியாக முளைக்க வேண்டியிருந்தது.

பைபிளில் பிரிவு இல்லையே தவிர, வாலிபர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களை வைத்துப் புகழ்பாடும் பழக்கம் மட்டும் அதற்கு இல்லை. 'நான் சின்னப் பையன், எனக்குப் பேசத் தெரியாதே' என்று எரேமியா ஒதுங்கப் பார்க்கிறான், அந்தச் சாக்கு எடுபடவில்லை. ராத்திரியில் தன்னைக் கூப்பிடும் குரல் யாருடையது என்று சாமுவேலுக்குத் தெரியவில்லை, கண் மங்கிய கிழவர் ஏலிதான் அது யார் குரல் என்று சொல்லிக்கொடுக்கிறார். அந்தக் குரல் கொண்டுவந்த செய்தியோ ஏலியின் குடும்பத்துக்கே எதிரானது. அதை மறைக்காமல் சொல்லு என்று பையனிடம் கேட்டு வாங்கியவரும் ஏலிதான். மறுபக்கம் ரெகொபெயாம் இருக்கிறான். முதியோர் சொன்ன யோசனையைத் தள்ளிவிட்டு, தன்னோடு வளர்ந்த பையன்கள் சொன்னதைக் கேட்டு மக்கள் மேல் சுமையைக் கூட்டினான். ராஜ்யம் இரண்டாக உடைந்தது. ஆக, இளமை என்பதாலேயே ஒருவன் சரியாகிவிடுவதில்லை என்பதும் அதே புத்தகத்தில்தான் இருக்கிறது.

எனக்குப் பிடித்தது ஐத்திகுவின் கதை. அப்போஸ்தலர் நடபடிகள் 20ஆம் அதிகாரம். துரோவா பட்டணத்தில் ஒரு மேல்மாடி அறை, நிறைய விளக்குகள், பவுல் நடுராத்திரி வரைக்கும் பிரசங்கம் பண்ணுகிறார். ஜன்னலில் உட்கார்ந்திருந்த ஐத்திகு என்ற வாலிபன் தூங்கி மூன்றாம் மாடியிலிருந்து கீழே விழுகிறான். எடுத்துப் பார்த்தால் உயிரில்லை. வாலிபர் கூட்டங்களில் நீளப் பிரசங்கம் பண்ணுகிறவர்கள் சுவரில் மாட்டி வைக்க வேண்டிய பகுதி! பவுல் அவனைத் திட்டவில்லை. பிரசங்கத்தை நிறுத்தி, படி இறங்கிப் போய், அவன்மேல் விழுந்து கட்டிப்பிடித்துக்கொள்கிறார், உயிர் இருக்கிறது என்கிறார். பேச்சை நிறுத்திவிட்டு இறங்கிப் போனார் என்பதை நான் முக்கியமாக நினைக்கிறேன்.

*

திரும்பவும் தீமோத்தேயுவுக்கு வருகிறேன். லீஸ்திரா ஊர்ப் பக்கத்து ஆள். அப்பா கிரேக்கர், அம்மா யூதப் பெண். விசுவாசம் பாட்டி லோவிசாளிடமிருந்தும் அம்மா ஐனிக்கேயாளிடமிருந்தும் வந்தது என்று பவுலே பெயர் சொல்லி எழுதுகிறார். அடிக்கடி உடம்புக்கு முடியாமல் போகிறவர், வயிற்றுக் கோளாறு வேறு. கூச்ச சுபாவம் என்று ஊகிக்க இடமிருக்கிறது. இப்படிப்பட்ட ஒருவரைத்தான் பவுல் சிக்கலான சபைகளுக்குத் தனியாக அனுப்புகிறார்.

அதில் ஒன்று கொரிந்து. சண்டைக்கும் கோஷ்டிக்கும் பேர்போன சபை. அங்கே தீமோத்தேயு வரும்போது என்ன செய்ய வேண்டும் என்று கொரிந்தியருக்கு ஒரு குறிப்பு எழுதி வைக்கிறார் பவுல். முதலாம் கொரிந்தியர் 16:10, 11. அவன் உங்களிடத்தில் பயமில்லாமல் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள், என்னைப் போலவே அவனும் கர்த்தருடைய வேலையைத்தான் செய்கிறான், யாரும் அவனை அற்பமாக நினைக்கக் கூடாது, சமாதானமாக வழியனுப்புங்கள். இதுதான் சாரம்.

இரண்டு இடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 'உன்னை இளப்பமாக நினைக்க விடாதே' என்பது இளையவனுக்கு. 'அவனை இளப்பமாக நினைக்காதீர்கள்' என்பது சபைக்கு. ஒரே கட்டளையின் இரண்டு பாதிகள். இதில் முதல் பாதியைத்தான் டி-ஷர்ட்டில் அச்சடிக்கிறோம். இரண்டாம் பாதியை யாரும் பேனரில் போட்டு நான் பார்த்ததில்லை. ஏன்னா அது பெரியவர்களுக்கு எழுதினது.

*

இந்த இரண்டாம் பாதியைச் சத்தமாகச் சொன்ன ஒருவர் நம் பக்கத்திலேயே இருந்தார். வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1874ல் வெள்ளாளன்விளையில் பிறந்தவர். இன்றைக்கு அது தூத்துக்குடி மாவட்டம். அப்பா கிராமப் போதகர். மகன் பதின்ம வயதில் இருக்கும்போதே அவர் காலமாகிவிட, அம்மா எல்லன்தான் வளர்த்தார். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் கணிதம் படித்தார். கடைசித் தேர்வுச் சமயத்தில் நோய்ப்பட்டுப் பட்டம் வாங்கவில்லை. 1895ல் ஒய்.எம்.சி.ஏ. செயலரானார். வயது 21.

லண்டன் துணிக்கடைப் பையன்களின் சங்கம் அதற்குள் கடல் தாண்டி வந்திருந்தது. 1890ல் அமெரிக்கரான டேவிட் மெக்கனாகி சென்னையில் அதை ஊன்றினார். எஸ்பிளனேடில் இன்றும் நிற்கும் சிவப்புக் கட்டடத்துக்கு பிலடெல்பியா வியாபாரி ஜான் வானமேக்கர் பணம் கொடுத்தார். பணமும் மேல் நிர்வாகமும் அமெரிக்கர் கையில், தெருத்தெருவாகப் போய்ப் பேசுவது அசரியா போன்றவர்கள் வேலை. அங்கேதான் ஷெர்வுட் எடி என்ற அமெரிக்கர் அவருக்கு வாய்த்தார். மூன்று வயது மூத்தவர், தமிழ் கற்றுக்கொண்டவர், சேர்ந்து ஊர் ஊராகப் போனவர். எஜமான், வேலைக்காரன் என்று இல்லாமல் ஒரு வெள்ளைக்காரரோடு சிநேகிதமாக இருக்க முடியும் என்பது அசரியாவுக்கு அனுபவமாகத் தெரிந்தது. அது எவ்வளவு அபூர்வம் என்பதும் அதனாலேயே தெரிந்தது.

1902ல் அசரியா யாழ்ப்பாணம் போனார். அங்கிருந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் சொந்தக் காசில் மிஷனரி சங்கம் நடத்துவதைப் பார்த்தார். மறு வருஷமே, 1903 பிப்ரவரியில், பாளையங்கோட்டையில் திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம். அசரியாவுக்கு 28 வயது. 1905 கிறிஸ்துமஸ் தினத்தில் செராம்பூரில் தேசிய மிஷனரி சங்கம் தொடங்கியபோதும் முன்னால் நின்றார். அவருடைய நண்பர் சேலம் கே.டி. பால் அந்தச் சங்கத்தில் உழைத்துவிட்டு, பின்னால் இந்திய ஒய்.எம்.சி.ஏ.வின் முதல் இந்தியப் பொதுச்செயலராக ஆனார். 1909ல் அசரியா ஒய்.எம்.சி.ஏ. வேலையை விட்டு, குருப்பட்டம் பெற்று, நிஜாம் ராஜ்யத்து தோர்ணக்கலுக்கு மிஷனரியாகவே போனார். தெலுங்கு பேசும் ஊர்.

1910 ஜூன், எடின்பரோ உலக மிஷனரி மாநாடு. சுமார் 1200 பிரதிநிதிகள், அதில் ஆசியர்கள் இருபது பேர்கூட இல்லை. அவருக்கு இன்னும் 36 முடியவில்லை. அந்த மேடையில் நின்று, எங்களுக்காக நீங்கள் தந்த பொருளும் உழைப்பும் பெரியது, ஆனால் எங்களை ஒரு பந்தியில் உட்கார வைத்துச் சாப்பிட உங்களில் எத்தனை பேருக்கு மனசு வந்தது என்கிற பொருளில் பேசினார். சம்பளம் கொடுக்கிறவரும் வாங்குகிறவருமாக இருப்பது போதாது, எங்களுக்குச் சிநேகிதர் வேண்டும் என்று முடித்தார். அரங்கில் பலருக்கு அது ரசிக்கவில்லை. யோவான் 15ல் இயேசு தன் சீடர்களிடம் இனி உங்களை ஊழியக்காரர் என்று சொல்லமாட்டேன், சிநேகிதர் என்று சொன்னேன் என்கிறாரே, அதை மிஷனரிகளிடமே ஒருவர் திருப்பிக் கேட்டது போல இருந்தது.

1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தா பேராலயத்தில் அசரியா பிஷப்பாக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய பிஷப். வயது 38. கொரிந்தியருக்கு எழுதிய குறிப்பை நடைமுறையில் செய்தவர் ஒருவர் இதற்குப் பின்னால் உண்டு: சென்னை பிஷப் ஹென்றி ஒயிட்ஹெட். எதிர்ப்பு பலமாக இருந்தபோதும் அவர் பின்வாங்கவில்லை. அந்த எதிர்ப்பு வெள்ளைக்காரரிடமிருந்து மட்டும் வரவில்லை. சொந்தத் திருநெல்வேலிச் சீமையிலும் இருந்தது. இளப்பமாக நினைப்பதற்கு நிறமும் வேண்டாம், சாதியும் வயதும் போதும்.

*

இன்றைக்கு என்ன நிலைமை? நான் பார்த்த சேகரங்களில் வாலிபருக்கு வேலை இல்லாமல் இல்லை. அசனத்துக்குச் சோறு அள்ளி வைக்க, கேரல் ரவுண்ட்ஸில் தொண்டை கட்டப் பாட, ப்ரொஜெக்டர் மாட்ட, பெஞ்சு தூக்க, எல்லாத்துக்கும் அவங்கதான். சேகரக் கமிட்டிக்கு நிற்கிறேன் என்று ஒருத்தன் சொன்னால் மட்டும், 'ஒனக்கு இன்னும் வயசு கெடக்குடே, பெறவு பாத்துக்கலாம்.' காணிக்கைக் கணக்கை ஒரு பெண் பிள்ளை கேட்டால் அதற்கு அந்தப் பதில்கூடக் கிடையாது. அப்புறம் அதே கமிட்டி, 'வாலிபர் ஏன் வர மாட்டேங்கிறாங்க?' என்று ஒரு கூட்டம் போட்டு, கிட்டாரையும் பிரியாணியையும் தீர்வாகக் கண்டுபிடிக்கும்.

எனக்குத் தோன்றுவது இதுதான். பைபிள் காட்டுகிற வாலிபர் ஊழியத்தின் அஸ்திவாரம் நிகழ்ச்சியில் இல்லை. தவறினாலும் பரவாயில்லை என்று ஒரு நிஜமான பொறுப்பை ஒப்படைப்பது, ஒப்படைத்த பிறகு அவர் பயமில்லாமல் இருக்கும்படி சபையிடம் பேசி வைப்பது, அவர் கொண்டுவரும் செய்தி நமக்கு எதிராக இருந்தாலும் ஏலியைப் போலக் கேட்டு வாங்குவது. ரெகொபெயாமின் ஆபத்து இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அவன் கெட்டது பையன்களோடு பேசியதால் இல்லை, முதியோரோடு பேச்சை அறுத்துக்கொண்டதால். இரண்டு தலைமுறையும் ஒரே பந்தியில் உட்காராத இடத்தில் ரெகொபெயாம்கள்தான் உருவாவார்கள்.

பவுல் பெயரில் நமக்குக் கிடைத்திருக்கும் கடைசிக் கடிதமும் தீமோத்தேயுவுக்குத்தான். சிறையிலிருந்து எழுதுவதாக இருக்கிறது. கூட இருந்தவர்கள் பலர் போய்விட்டார்கள், லூக்கா மட்டும் பக்கத்தில். சீக்கிரம் வா என்கிறார். துரோவாவில் கார்ப்புவிடம் விட்டுவந்த மேலங்கியை எடுத்து வா, புத்தகங்களையும், முக்கியமாகத் தோல்சுருள்களையும் கொண்டு வா என்கிறார். ஐத்திகு ஜன்னலிலிருந்து விழுந்த அதே துரோவா. மாரிக்காலத்துக்கு முன்னால் வந்து சேரப் பார் என்கிறார். ஊழியம், உபதேசம் எல்லாம் சொல்லி முடித்துவிட்ட ஒரு வயசாளி, குளிருகிறது, நீ வந்தால் நல்லது என்று ஒரு இளையவரிடம் கேட்கிறார். தீமோத்தேயு குளிர் தொடங்குமுன் போய்ச் சேர்ந்தாரா என்று பைபிளில் எங்கும் எழுதியிருக்கவில்லை.