பல்லால் கடித்த மருந்து

(இணையவழி இலக்கியச் சந்திப்பில் நேரலையாக ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இன்று ஒரு சின்னப் பொருளின் வரலாற்றைப் பேசப்போகிறேன். அமெரிக்காவில் வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் பழைய பாணித் துப்பாக்கியால் மான் வேட்டையாடுவதற்கென்றே பல மாநிலங்களில் தனிப் பருவம் உண்டு. அந்த வேட்டைக்காரர்கள் சட்டைப் பையில் சில பிளாஸ்டிக் குழாய்களை வைத்திருப்பார்கள். விரல் நீளம்தான் இருக்கும். ஒரு பக்கம் அளந்து போட்ட வெடிமருந்து, மறுபக்கம் குண்டு, இரண்டு முனையிலும் மூடி. வீட்டிலேயே நிதானமாக அளந்து நிரப்பிக்கொண்டால், காட்டில் குளிரில் விறைத்த விரல்களால் மருந்தை அளந்து தடுமாற வேண்டியதில்லை.

நான் செவிலியர். வார்டில் ஒரு நோயாளிக்கு ஒரு வேளைக்கான மருந்தைத் தனிப் பொட்டலமாகக் கொடுப்பதும் இதே யோசனைதான். அவசரத்தில் அளக்காதே, முன்பே அளந்து வை. நம் தமிழில் நோய்க்குக் கொடுப்பதும் மருந்து, துப்பாக்கிக்குள் போடுவதும் மருந்து. இந்தப் பொருளைத் தேடிப் படிக்க என்னைத் தூண்டியது அந்த ஒற்றைச் சொல்தான்.

இந்த யோசனை பழையது. 17ஆம் நூற்றாண்டின் ஐரோப்பியச் சிப்பாய் தோளில் குறுக்காக ஒரு தோல்வார் அணிந்திருப்பான். அதில் சின்னச் சின்ன மரக்குப்பிகள் தொங்கும். ஒவ்வொன்றிலும் ஒரு வெடிக்கான மருந்து. பெரும்பாலும் பன்னிரண்டு குப்பிகள் இருந்ததால் அவற்றுக்குப் 'பன்னிரண்டு அப்போஸ்தலர்கள்' என்றே பின்னாளில் பெயர் வந்துவிட்டது. ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்த பெயர்கள் எங்கே போய்த் தொங்குகின்றன பாருங்கள்! நடக்கும்போது குப்பிகள் ஒன்றோடொன்று மோதிச் சத்தம் போடும், சிக்கிக்கொள்ளும். அதனால் அதே நூற்றாண்டில் காகிதம் அந்த இடத்தைப் பிடிக்கத் தொடங்கியது. மருந்தையும் குண்டையும் ஒரே காகிதச் சுருளில் மடித்துக் கட்டினார்கள். அதுதான் தோட்டா.

பயன்படுத்தும் முறை இதுதான்: காகிதத்தின் முனையைப் பல்லால் கடித்துக் கிழி. மருந்தைக் குழலுக்குள் கொட்டு. குண்டைப் போடு. நீண்ட கம்பியால் இடித்து இறக்கு. ஒரு கையில் துப்பாக்கி, மறுகையில் தோட்டா என்பதால் பல்தான் மூன்றாவது கை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் முன்பற்கள் இல்லாதவர்களைப் படையில் சேர்க்க மறுத்ததற்குக் காரணம் இதுவே. நன்றாகப் பழகிய சிப்பாய் நிமிடத்துக்கு மூன்று முறை சுடுவான். ஆனால் பழைய மழுமழுக் குழல் துப்பாக்கியில் நூறு கெஜத்துக்கு அப்பால் குறி நிச்சயமில்லை.

1840களின் இறுதியில் பிரான்சின் க்ளோத் மினியே என்ற அதிகாரி கூம்பு வடிவக் குண்டை உருவாக்கினார். குழலின் உட்புறத்தில் சுருள் பள்ளங்கள் வெட்டியிருக்கும். வெடிக்கும்போது குண்டின் அடிப்பாகம் விரிந்து அந்தப் பள்ளங்களைப் பற்றிக்கொண்டு சுழன்று பாயும். இதனால் தூரமும் குறியும் பல மடங்கு கூடின. அந்தக் குண்டு பட்ட எலும்பு நொறுங்கிச் சிதறியது. கைகால்களை வெட்டி எடுப்பது அந்தக் காலப் போர் மருத்துவமனைகளின் அன்றாட வேலையானது.

பிரிட்டிஷ் படை ஏற்ற 1853ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்டு ரைஃபிளும் இந்த வகைதான். ஒரு தோட்டாவில் சுமார் நாலரை கிராம் மருந்து, 34 கிராம் ஈயக்குண்டு. கரிமருந்து எரிந்ததும் குழலுக்குள் கசடு படியும். அடுத்த குண்டு சிக்காமல் இறங்க வழுவழுப்பு வேண்டும். அதற்காகத் தோட்டாவின் குண்டுப் பக்கத்தைக் கொழுப்பில் தோய்த்தார்கள். கடிக்க வேண்டியது மறுமுனை, மருந்துப் பக்கம். ஆனால் கொழுப்பு கையில் ஒட்டும், அந்தக் கை வாய்க்குப் போகும். இருப்பது என்ன கொழுப்பு?

1857 ஜனவரியில் கல்கத்தாவுக்கு அருகே டம்டம் என்ற ஊரில் இந்தக் கேள்வி வெடித்தது. ஆயுதக் கிடங்கின் கூலித் தொழிலாளி ஒருவர் பிராமணச் சிப்பாய் ஒருவரிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டார். சாதி கெட்டுவிடும் என்று சிப்பாய் செம்பைத் தர மறுத்தார். 'மாட்டுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவிய தோட்டாவை நீ கடிக்கப்போகிறாய், அப்போது உன் சாதி என்ன ஆகும்?' என்ற பொருளில் தொழிலாளி திருப்பிக் கேட்டார். அன்றைய இராணுவ அறிக்கைகள் சொல்லும் கதை இது. இதில் இரண்டு வலிகள் இருக்கின்றன. ஒன்று மட்டுமே பாடப்புத்தகத்தில் இடம்பெற்றது. தண்ணீர் மறுக்கப்பட்டவரின் வலியை நாம் எளிதாகத் தாண்டிப் போய்விடுகிறோம்.

அரசு விரைந்துதான் செயல்பட்டது. கொழுப்பில்லாத தோட்டா தருகிறோம், வேண்டியதை நீங்களே தடவிக்கொள்ளுங்கள் என்றது. பிறகு பல்லால் கடிக்க வேண்டாம், விரலால் கிழிக்கலாம் என்று பயிற்சியையே மாற்றியது. தவறே இல்லையென்றால் ஏன் மாற்றுகிறார்கள் என்று சந்தேகம் இன்னும் வளர்ந்தது. மார்ச் 29 அன்று பாரக்பூரில் மங்கள் பாண்டே துப்பாக்கியைத் தூக்கினார். ஏப்ரல் 8 அன்று தூக்கிலிடப்பட்டார். ஏப்ரல் 24 அன்று மீரட்டில் 90 குதிரைப்படை வீரர்களில் 85 பேர் தோட்டாவைத் தொட மறுத்தார்கள். அவர்களுக்குத் தரப்பட்டவை புதியவை அல்ல, காலங்காலமாகப் பயன்படுத்திய பழைய தோட்டாக்களே. மே 9 அன்று படையின் முன்னால் அவர்களுக்கு விலங்கு பூட்டினார்கள். மறுநாள் மீரட் எரிந்தது.

வதந்தி என்று அதிகாரிகள் சொன்னதில் பாதி உண்மைதான். மறுபாதியைப் பின்னாளில் ஆவணங்களை ஆராய்ந்த ஜார்ஜ் ஃபாரஸ்ட் வெளிக்கொணர்ந்தார்: கலவையில் ஆட்சேபத்துக்குரிய கொழுப்புகள் இருந்தன. அந்தப் போரில் சண்டையிட்ட லார்டு ராபர்ட்ஸே தன் நினைவு நூலில் அதை ஏற்றுக்கொண்டார். எந்த விலங்கின் கொழுப்பு என்று தயாரிப்பின்போதே யாரும் கவலைப்பட்டிருக்கவில்லை.

இங்கே ஒரு கிறிஸ்தவளாகவும் ஒன்று சொல்ல வேண்டும். மங்கள் பாண்டேயின் 34ஆம் படைப்பிரிவின் தலைவர் கர்னல் வீலர் சிப்பாய்களிடம் சுவிசேஷம் பேசிவந்தவர். சம்பளமும் தண்டனையும் தன் கையில் இருக்கும்போது ஒருவர் பேசும் சுவிசேஷம் கேட்பவன் காதில் கட்டளையாகவே விழும். அந்த அதிகாரிகளுக்கு உணவில் தீட்டு என்று எதுவும் இல்லை. ஆனால் அப்போஸ்தலர் நடபடிகள் 10ஆம் அதிகாரத்தில், தீட்டான விலங்குகளைச் சாப்பிடச் சொன்னபோது பேதுருவே மறுக்கிறார். தரிசனம் மும்முறை வந்தும் அதன் பொருள் புரியாமல் கலங்குகிறார். பேதுருவுக்குக் கிடைத்த அவகாசம் சிப்பாய்க்குக் கிடைக்கவில்லை.

நம் மண்ணுக்கு இது புதிதல்ல. இதற்கு 51 ஆண்டுகளுக்கு முன், 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்ததற்குக் காரணங்களில் ஒன்று, தோல் சின்னம் வைத்த புதிய தலைப்பாகை. நெற்றிக் குறியும் காதணியும் கூடாது என்ற உத்தரவும் சேர்ந்துகொண்டது. அந்த நிகழ்வுக்காக ஆளுநர் பெண்டிங்கும் தளபதி கிராடக்கும் திருப்பி அழைக்கப்பட்டார்கள். வேலூரில் நெற்றி, மீரட்டில் வாய். இரண்டு இடத்திலும் உடம்புக்கு உரியவரைக் கேட்காமல் உத்தரவு போட்டார்கள்.

1866இல் ஸ்னைடர் துப்பாக்கி வந்தது. பின்பக்கமாகப் போடும் உலோகத் தோட்டாவுக்குப் பல் தேவைப்படவில்லை. கடிக்கும் பயிற்சியும் போயிற்று.

கேள்வி போகவில்லை. மாத்திரை உறையில் இருக்கும் ஜெலட்டின் மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ வருவது. இரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஹெப்பாரின் பன்றிக் குடலிலிருந்து எடுப்பது. 'இதில் என்ன கலந்திருக்கிறது, சிஸ்டர்?' என்று நோயாளி கேட்டால், 'அதெல்லாம் ஒன்றுமில்லை, போட்டுக்கொள்ளுங்கள்' என்பது எளிது. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். தெரியாவிட்டால் மருந்தாளரைக் கேட்டுவந்து சொல்கிறேன். வேறு மருந்து உண்டா என்று மருத்துவரிடம் கேட்கிறேன். சிலர் விவரம் தெரிந்தபின் அதையே வாங்கிக்கொள்கிறார்கள், சிலர் மறுக்கிறார்கள். முடிவு அவர்களுடையது. ஆனால் கேட்டவருக்கு உண்மையான பதில் கிடைத்திருக்கும். டம்டம்மில் கேட்டவர்களுக்கு அது கிடைக்கவில்லை.