நீருள் கரைந்த காற்று

1803-ஆம் ஆண்டில் மான்செஸ்டர் நகரத்து ரசாயன விஞ்ஞானி வில்லியம் ஹென்றி வெளியிட்ட விதி, அழுத்தம் மிகும் அளவுக்கு வாயு நீரில் மிகுதியாகக் கரையும் என்று கூறிற்று. நீர் சூடேறக் காற்று வெளிப்படும் என்பது அதனோடு சேர்ந்த உண்மை: சாதாரண வளிமண்டல அழுத்தத்தில், 0 டிகிரி நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 29 மில்லிலிட்டர் காற்று கரையுமானால், 20 டிகிரியில் 19 மில்லிலிட்டர் அளவே கரையும். கட்டடக் குழாய்களில், நீரிலிருந்து காற்றைப் பிரித்து வெளியேற்றும் கருவியாகிய காற்றுப் பிரிப்பானின் ஸ்தானத்தை நிர்ணயிப்பவை இவ்விரண்டு உண்மைகளே.

குழாய்நீரால் கட்டடங்களின் சீதோஷ்ணத்தை ஆளும் கலை முதலில் வெந்நீரைக் கொண்டே வளர்ந்தது. 1831-இல் ஏஞ்சியர் மார்ச் பெர்க்கின்ஸ் லண்டனில் வெந்நீர்க் குழாய் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இத்தகைய முறைகளில் கொதிகலனை விட்டு நீர் வெளியேறும் இடமே உஷ்ணம் மிகுந்தது. காற்று குமிழாகப் பிரிவதும் அங்கேதான். ஆதலின், பிற்காலத்தில் வந்த காற்றுப் பிரிப்பானுக்கும் கொதிகலனின் வெளிவாயிலே உரிய இடமாயிற்று.

1922-இல் வில்லிஸ் காரியர் மையவிலக்குக் குளிரூட்டும் யந்திரத்தை அறிமுகப்படுத்தியபின், 1928-இல் அமெரிக்காவின் சான் அந்தோனியோ நகரில் எழுந்த 21 மாடி மைலாம் கட்டடத்தில், குளிர்நீர் குழாய்வழி மாடிகளுக்கு அனுப்பப்பட்டது. இங்கே நிலைமை தலைகீழாயிற்று. சில்லர் எனப்படும் குளிரூட்டும் யந்திரத்தை விட்டு ஏறத்தாழ 7 டிகிரியில் புறப்படும் நீர், அறைகளின் வெப்பத்தைச் சுமந்து 12 டிகிரியில் திரும்புமாயின், உஷ்ணம் மிகுந்த பகுதி திரும்பு குழாயே. எனவே பிரிப்பானைச் சில்லருக்கு முன்னே, பம்ப்பின் உறிஞ்சு வாய்க்கு அருகில் அமைப்பதே முறை. வெந்நீரின் வழக்கத்தைப் பின்பற்றிச் சில்லரின் வெளிவாயிலில் அமைத்தால், மிகக் குளிர்ந்த நீர் காற்றைத் தன்னுள் பிடித்துக்கொண்டே சென்றுவிடும்.

உயர்ந்த கட்டடத்தின் நிலவறையில் சில்லர் இருக்குமானால், மேலுள்ள நீரின் பாரத்தால், ஒவ்வொரு 10 மீட்டர் உயரத்துக்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் அங்கே கூடுகிறது. கரைந்த காற்று அங்கே பிரிய மறுத்து, அழுத்தம் குன்றிய உச்சி மாடியில் குமிழாகி, அறைகளைக் குளிர்விக்கும் குழாய்ச் சுருள்களில் நீரோட்டத்தைத் தடுத்து, ஓசையெழுப்பும். அதிலுள்ள ஆக்சிஜனோ இரும்பை அரிக்கும். ஆகையால் உச்சியில் காற்றுப் போக்கி வால்வும் இன்றியமையாதது.

வரைபடம் தீட்டும் பொறியாளர்கள் பழைய வழக்கத்தைப் பின்பற்றுமுன், நீர் எங்கே அதிகச் சூடாகவும் அழுத்தம் எங்கே மிகக் குறைவாகவும் இருக்கிறது என்று ஆராய்ந்து முடிவு செய்வார்களாக.