வருடா வருடம் ஃப்ளூ ஊசி: பலன் உண்டா?

"போன வருடம்தான் போட்டோமே, மறுபடியும் எதற்கு?" ஃப்ளூ தடுப்பூசி என்றதும் வீட்டுப் பெரியவர்கள் கேட்பது இதைத்தான். நியாயமான கேள்வி. அம்மை ஊசியை யாரும் ஆண்டுதோறும் போடுவதில்லையே!

இன்ஃப்ளுயன்சா வைரஸ் தன் மேற்பரப்பைச் சிறிது சிறிதாக மாற்றிக்கொண்டே இருக்கும். சென்ற ஆண்டு உடலில் உருவான எதிர்ப்புச் சக்திக்கு இந்த ஆண்டு வைரஸை அடையாளம் தெரியாமல் போகலாம். அந்தச் சக்தியும் சில மாதங்களில் குறையத் தொடங்கிவிடுகிறது. எனவேதான் உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரியில் வட அரைக்கோளத்துக்கும் செப்டம்பரில் தென் அரைக்கோளத்துக்கும், ஊசியில் சேர்க்க வேண்டிய வைரஸ் வகைகளை அறிவிக்கிறது.

அந்தக் கணிப்பு எப்போதும் பலிப்பதில்லை. ஊசி தயாராகப் பல மாதங்கள் பிடிக்கும். அதற்குள் வைரஸ் உருமாறிவிடலாம். அமெரிக்காவில் 2014-15 பருவத்தில் எச்3என்2 வகை அப்படி மாறிப்போனதால் ஊசியின் பலன் 19 சதவீதமாக இறங்கியது. பொருத்தம் நன்றாக அமைந்த ஆண்டுகளில், மருத்துவரிடம் போக வைக்கும் ஃப்ளூ 40 முதல் 60 சதவீதம் வரை குறைகிறது. தொடர்ந்து போடுபவர்களுக்குப் பலன் சற்றுக் குறையலாம் என்று சில ஆய்வுகள் சொல்வதும் உண்மைதான். ஆனால் போடாமல் இருப்பதைவிட அது மேல்.

ஊசி போட்டவருக்கும் காய்ச்சல் வரலாம். வேறு எத்தனையோ வைரஸ்களும் சளி, காய்ச்சலைத் தருகின்றன. அவற்றை இந்த ஊசி தடுக்காது. முதியோர், கர்ப்பிணிகள், சர்க்கரை, இதயநோய், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஃப்ளூ நிமோனியாவாக முற்றி உயிருக்கே ஆபத்தாகலாம். ஊசியின் முக்கியப் பயன் அங்கேதான்: நோய் வந்தாலும் மருத்துவமனையில் சேரும் அளவுக்கு முற்றுவது குறைகிறது.

நம் சகோதரர்கள் சிலர் தயங்குவது பன்றி ஜெலட்டினை நினைத்து. மூக்கில் தெளிக்கும் வகையில் அது உண்டு. இங்கிலாந்தில் அதை விரும்பாத குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஜெலட்டின் இல்லாத ஊசி தரப்படுகிறது. நீங்கள் போடப்போகும் மருந்தில் என்ன இருக்கிறது என்று மருத்துவரிடமே கேட்டுவிடுங்கள், கேட்பதில் தவறில்லை.

ஹஜ், உம்ரா செல்வோருக்கு மூளைக்காய்ச்சல் ஊசி கட்டாயம். ஃப்ளூ ஊசியைச் சவூதி சுகாதார அமைச்சகம் பரிந்துரைக்கிறது. பல நாட்டு மக்கள் தோளோடு தோள் நிற்கும் இடத்தில் இருமல் பரவ அதிக நேரம் ஆகாது. உடலில் எதிர்ப்புச் சக்தி உருவாக இரண்டு வாரங்கள் ஆகும் என்பதால், விமானம் ஏறும் முந்தின நாள் போட்டுக்கொள்வதால் அங்கே போய் இறங்கும்போது பலன் இருக்காது.